சீவாத சரிவு

கஸாமா நீட்டிய மதிப்பெண் அட்டைகளை ஷிஹோ வாங்கவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல ஓரடி தள்ளி நின்றாள். ஸ்கீ பள்ளியின் அலுவலக அறையில் மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிக் காயப்போட்டிருந்த கையுறைகளிலிருந்து ஈரக் கம்பளி வாடை வந்தது. வெளியே பனி விட்டபாடில்லை. வாசலில் நிறுத்தியிருந்த கார்களெல்லாம் இன்னின்ன கார் என்று சொல்ல முடியாதபடி வெள்ளை மூட்டைகளாகக் கிடந்தன.

“இன்னிக்கு என் வீட்டுக்காரர் தேர்வுக்கு நிக்கிறாரு, சார்” என்றாள்.

“தெரியும். வருசா வருசம் நிக்கிறான். அவன் நிக்கலைன்னாத்தான் என்ன ஆச்சோன்னு நான் விசாரிக்கணும்.”

கஸாமா ஸ்கீ பள்ளியின் தலைவர். தேர்வுக்கும் அவர்தான் தலைமை நடுவர். கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெளுத்து, மற்ற முகமெல்லாம் வெயிலில் கறுத்துப்போன மனிதர். மூன்றாவது நடுவராக வர வேண்டிய ஹோஷியின் ரயில் பனியில் மாட்டி, இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் நின்றுவிட்டது. கடற்கரை ஊரிலிருந்து நேற்றே வந்து தங்கிவிட்ட இரண்டாவது நடுவர் நகுமோ மட்டும் மூலையில் உட்கார்ந்து சோற்றுருண்டையைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தார். நடுவர் தகுதி உள்ளவர்கள் என்று இந்த மலையில் மீதமிருந்தது ஷிஹோ ஒருத்திதான். கணவன் முனேஹிரோ தேர்வுக்கு நிற்கிற நாட்களில் அவள் இந்தப் பக்கமே எட்டிப்பார்க்க மாட்டாள். கீழே குழந்தைகள் வகுப்பில் மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டு இருந்துவிடுவாள்.

வேறு ஆளே இல்லையா என்று கேட்டாள். கஸாமா சன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

“இருக்கானே ஒருத்தன், வாசல்ல. நேத்துதான் பிள்ளைங்க பனியில செஞ்சு வச்சாங்க, மூக்குக்கு கேரட்டெல்லாம் சொருகி. அவனைக் கூப்பிட்டு நிறுத்தட்டுமா?”

நகுமோ சோற்றோடு சிரித்துப் புரையேறினார். ஷிஹோவுக்குச் சிரிப்பு வரவில்லை.

கிரீடம் என்றுதான் அந்தப் பட்டத்துக்குப் பெயர். நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு சின்னத் தகடு தருவார்கள், அவ்வளவுதான். அதனால் சம்பளம் ஏறப்போவதில்லை, வரி குறையப்போவதில்லை. ஆனாலும் அந்தத் தகட்டுக்காக ஆண்டுக்கணக்கில் மலையேறி இறங்குகிற பல் டாக்டர்களும் தபால்காரர்களும் அரிசிக்கடைக்காரர்களும் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. நான்கு விதமான சறுக்கல்களில் கடைசியாக வருவது கார்விங். மேலிருந்து கீழ்வரை பெரிய பெரிய வளைவுகளாக வர வேண்டும். ஸ்கீயின் ஓரம் மட்டும் பனியை வெட்ட வேண்டும். பலகை எங்கேயும் பக்கவாட்டில் வழுக்கக் கூடாது. வந்த தடம் கத்தியால் கீறிய இரண்டு கோடுகளாக இருந்தால் நல்லது, துடைப்பத்தால் பெருக்கியதுபோல இருந்தால் போச்சு. கீழே மூன்று நடுவர்கள் நின்று அட்டையைத் தூக்குவார்கள். மூவரில் இருவர் எண்பதோ அதற்கு மேலோ காட்டினால் கிரீடம்.

மற்ற மூன்றிலும் முனேஹிரோ ஆண்டுதோறும் தேறிவிடுவான். கார்விங்கில் எழுபத்தொன்பது வாங்குவான். ஒரு வருஷம் எழுபத்தெட்டு வாங்கியபோது, பரவாயில்லையே மாறுதலாக இருக்கிறதே என்று ஊரே பேசியது. இரும்புச் சாமான் கடைக்காரர் அவனை “வாப்பா எழுபத்தொன்பது” என்றுதான் கூப்பிடுவார். அவனும் சிரித்துக்கொண்டே போய் ஆணியோ போல்ட்டோ வாங்கிக்கொண்டு வருவான். ஆனால் இந்தப் புத்தாண்டில், கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், பனியை வாரிக் கொட்டும் கால்வாய் ஓரமாக நடந்துகொண்டே, இந்த வருஷத்தோடு சரி, இனி நிற்க மாட்டேன் என்று அவளிடம் சொன்னான். சிரிக்காமல் சொன்னான். அவன் சிரிக்காமல் சொன்னது அவளை அன்றிலிருந்தே அரித்துக்கொண்டிருந்தது.

அவனுக்குத் திறமை போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவனுடைய வேலைதான் அவனுக்கு வினை. சரிவைச் சீவிச் சமப்படுத்தும் பெரிய சங்கிலிச் சக்கர வண்டியை ஓட்டுகிறவன் அவன். வண்டி போன இடமெல்லாம், இப்போதுதான் தலைவாரிவிட்ட குழந்தையைப்போல, மலை வரிவரியாகப் படிந்து கிடக்கும். அந்த வரிகளின்மேல் முதல் ஆளாக ஸ்கீயை வைத்துக் கிழிக்க இந்தப் பள்ளத்தாக்கே காலையில் வரிசையில் நிற்கிறது. முனேஹிரோவுக்கு மட்டும் மனசு வருவதில்லை. தான் சீவிய சரிவில் இறங்கும்போது பூனை மாதிரி இறங்குவான். அழுத்த வேண்டிய இடத்தில் அரை அழுத்தம்தான் அழுத்துவான். “தான் பெருக்கின வாசல்ல தானே கால் வைக்கக் கூசறவன்” என்று கஸாமா ஒருமுறை சொன்னார். அந்தக் கூச்சத்தின் விலைதான் வருஷாவருஷம் அந்த ஒரு மதிப்பெண்.

“இன்னொரு காரணமும் இருக்கு, சார்” என்றாள் ஷிஹோ.

சரிவு ஏன் இன்று சீவப்படாமல் கிடக்கிறது என்று காலையிலிருந்து எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் ஒரு தடவை சீவிவிட்டுப் படுப்பது, இரவில் பனி விழுந்தால் விடியுமுன் எழுந்துபோய் மறுபடி சீவுவது, இதுதான் முனேஹிரோவின் வழக்கம். இன்று அவன் எழுந்தபோது விடிந்திருந்தது. முழங்காலளவு பனி, அதன் அடியில் நேற்றுச் சீவியது கல்லாக இறுகிக் கிடந்தது. நேரமில்லை. தூக்கத்தில் தானே அலாரத்தை அணைத்துவிட்டேன் போலிருக்கிறது என்று மலை நிர்வாகியிடம் போய்த் தலைகுனிந்து நின்றான். நிர்வாகி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“அலாரத்தை அணைச்சது நான்” என்றாள் ஷிஹோ. “அது அடிக்கிறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துருச்சு. நல்லாத் தூங்கிட்டிருந்தாரு. ஒரு நாளாவது முழுசாத் தூங்கி எழுந்து போனா, கால் பதறாம இருக்கும்னு நினைச்சேன்.”

“சன்னலைப் பாக்கலையா?”

“பாத்தேன். பொடிசா விழுந்துச்சு. நின்னுடும்னு நினைச்சேன்.”

“இந்த ஊர்ல பொறந்து, இந்த ஊர்லயே வளந்து, பனி நின்னுடும்னு நினைச்ச மொத ஆளு நீதான்” என்றார் கஸாமா. அவனுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றாள். “தேர்வு முடியட்டும், அப்புறம் சொல்லு. இப்ப சொன்னா, தேர்வை விட்டுட்டு உனக்குப் பரிஞ்சுகிட்டு வந்து நிப்பான்” என்று சொல்லி, அட்டைகளை அவள் கைக்குள் திணித்தார். “கூடப் போட்டா ஊர் பேசும். கொறைச்சுப் போட்டா நீ வீட்டுக்குப் போகணும். பாத்துக்கோ.”

சாப்பாட்டுக் கூடத்தில் முனேஹிரோ மேஜை மேஜையாகப் போய்த் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். தேர்வுக்கு வந்தவர்கள் மிஸோ சூப்புக் கிண்ணத்தை ஏந்தியபடி, பரவாயில்லை பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, அவன் நகர்ந்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த ஸ்கீக்கள் எல்லாம் ஒரே சாதி. இடுப்பு மெலிந்தவை, காலுக்குக் கீழே நான்கு விரல் அகலம்கூட இராது. இறுகிய, சீவிய சரிவில் கத்தியாக நிற்பவை. அந்த வரிசையின் கடைசியில் முனேஹிரோவின் ஜோடி மட்டும் கறுப்பும் பாசிப்பச்சையுமாக, இடுப்பு பருத்து, பந்தியில் தவறி உட்கார்ந்துவிட்ட ஆள்போல நின்றது.

காலையில் அவன் அதைச் சுவரிலிருந்து எடுத்தபோதே வீட்டு வாசலில் ஒரு வாக்குவாதம் நடந்திருந்தது. இறுகிய பனியில் வளைவு வெட்டுவதற்கென்றே வளைத்து, உள்ளே இரண்டு உலோகத் தகடுகள் வைத்து, ஆனால் மலையின் எந்தப் பனிக்கும் போகும்படி அகலம் கூட்டிச் செய்த ஸ்கீ அது. எல்லாமும் ஆவேன் என்கிற எதையும் ஷிஹோ நம்புவதில்லை. அவன் இல்லாத ஒரு நாளில் அதை மாட்டிக்கொண்டு போய் ஒரு சுற்றும் சுற்றிவிட்டு வந்திருந்தாள். மரக்கட்டை. அவள் சொல்வதைக் கேட்காமல், மறுக்கவும் செய்யாமல், சும்மா கூடவே வந்த மரக்கட்டை. இதிலா கிரீடத்துக்குப் போகிறாய் என்று கேட்டாள். பள்ளிக்கூட ஸ்கீ குழுவில் அவள் அவனுக்கு ஒரு வருஷம் மூத்தவள். கல்யாணம் ஆகி மகள் வெளியூர்க் கல்லூரிக்குப் போன பிறகும், பயம் வந்தாலோ கிண்டல் வந்தாலோ அவனுக்கு அவள் சீனியர்தான்.

“சீனியர், இன்னிக்கு ஒல்லிப் பலகைய எடுத்துட்டுப் போனா மூக்கு குத்தி நிக்கும். நான் தூங்கித் தொலைச்ச பனி, அதுல எப்படிப் போகணும்னு எனக்குத்தானே தெரியும்” என்றான்.

அவள் அதற்கு மேல் பேசவில்லை. பேசினால் வேறெதுவோ வாயில் வந்துவிடும் என்றிருந்தது.

இப்போது டாக்டர் தகிஸாவா எழுந்து அந்த ஜோடியின் அருகே போனார். மலையடிவாரத்துப் பெரிய ஊரில் பல் மருத்துவமனை வைத்திருப்பவர். சிவப்பு உடையும், இந்தத் தேர்வுக்கென்றே வாங்கிய புது ஸ்கீயுமாக வந்திருந்தார். அழகாகச் சறுக்குகிறவர் என்பதை ஷிஹோவே பல முறை சொல்லியிருக்கிறாள்.

“ஓனோசுகா, உங்க பலகைக்கு இடுப்பு பெருத்துப்போச்சே” என்றார், முனேஹிரோவைக் குடும்பப் பெயரால் அழைத்து.

“வயசாகுதுல்ல டாக்டர்” என்று முனேஹிரோ சிரித்தான்.

“சரிவைச் சீவாம விட்டாச்சு. சீவாத சரிவுக்கு ஏத்த பலகையும் கையோட வந்தாச்சு. நல்ல ஏற்பாடுதான்.”

யாரோ கிண்ணத்தை மேஜையில் வைத்த சத்தம் தனியாகக் கேட்டது. முனேஹிரோவின் காதுமடல் சிவந்ததை ஷிஹோ தூரத்திலிருந்தே பார்த்தாள். அலார விஷயம் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கஸாமா பக்கத்தில் நின்று கனைத்தார். முனேஹிரோ மறுபடி ஒருமுறை குனிந்து நிமிர்ந்தான்.

“நான் கடைசி நம்பர், டாக்டர். நீங்கள்லாம் போனப்புறம் எனக்கு அங்க பனின்னு என்ன மிச்சம் இருக்கும்?” என்றான்.

தேர்வைத் தள்ளிவைக்க வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். பனிமலைக்கு வந்துவிட்டுப் பனி பெய்திருக்கிறது என்று புகார் சொல்கிறவர்களை இன்றுதான் பார்க்கிறேன் என்று கஸாமா முடித்துவிட்டார். பலகை மாற்ற விரும்புகிறவர்கள் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். வேறு பலகை கொண்டுவந்தவர்கள் யாருமில்லை.

மற்ற மூன்று சறுக்கல்களும் முற்பகலில் முடிந்தன. முனேஹிரோ வழக்கம்போல அவற்றில் தேறியிருந்தான். அவனுக்கு மற்ற இருவருமே எண்பது காட்டியதால், தன் அட்டையால் எதுவும் ஆகாதபடி தப்பித்துக்கொண்டே வந்த ஷிஹோ, கார்விங்குக்காகச் சரிவின் அடியில் போய் நின்றாள். இடது ஓரத்தில் கஸாமா, நடுவில் நகுமோ, வலது ஓரத்தில் அவள். பனி இப்போது மெலிந்து, சரிவு உச்சிவரை தெரிந்தது.

ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவராகச் சிதைந்தார்கள். மேலே இருந்த புதுப்பனி ஈரமும் கனமுமாக இருந்தது, அடியில் கல். ஒல்லி ஸ்கீயின் மூக்கு புதுப்பனியில் புதையும், அடியிலிருக்கும் கல்லைத் தொட்டதும் வெடுக்கென்று கடித்து இழுக்கும். ஒரு கால் ஒரு பக்கமும் மறு கால் இன்னொரு பக்கமுமாகப் பிரியும். எழுபத்தைந்து, எழுபத்தாறு, எழுபத்தாறு. தகிஸாவா முதல் வளைவை அற்புதமாக எடுத்தார். இரண்டாவதில் பலகை அவரைக் கடித்து உதறியது. விழாமல் சமாளித்தவர், பிறகு கடைசிவரை பனியை வழித்துக்கொண்டே வந்து சேர்ந்தார். ஷிஹோ எழுபத்தாறு தூக்கினாள். அவர் அட்டையைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு நகர்ந்தார். நல்ல சறுக்காளி. இந்தச் சரிவு சீவப்பட்டிருந்தால் அவருக்கு இன்று கிரீடம் உறுதி. அதைத் தட்டிவிட்டது ஒரு விரல். போனில் அலாரத்தைத் தொட்ட அவளுடைய விரல்.

கடைசி நம்பரைக் கூப்பிடும்போது சரிவைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆள் ஆளாக இறங்கி, புதுப்பனி குவியல் குவியலாக ஒதுங்கியிருந்தது. குவியல்களுக்கு நடுவில் நேற்றைய கல்பனி வழுக்கையாகப் பளபளத்தது. மென்மையாக ஒரு முழம், இறுக்கமாக ஒரு முழம், பிறகு ஒரு மேடு. இதில் ஓரத்தை மட்டும் வைத்து வளைவு வெட்டுவது என்பது நடக்கிற காரியமில்லை. ஷிஹோ குறிப்பெழுதும் பென்சிலைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள். எந்த வளைவில் வழுக்குகிறான், எத்தனை குறைக்க வேண்டும் என்று பார்ப்பதற்கு அவள் கண் பழகியிருந்தது. அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டால் போதும், மனைவி என்கிறவள் கொஞ்ச நேரம் ஓரமாக நிற்கட்டும் என்று நினைத்தாள்.

உச்சியில் ஒரு கறுப்புப் புள்ளி அசைந்தது. அவன் வழக்கமாக எடுத்துக்கொள்கிற தயக்கம் இல்லை. குச்சியால் இரண்டு முறை உந்திக்கொண்டான், நேராகக் கீழ்நோக்கி விழுந்தான். விட்டான் என்றுதான் சொல்ல வேண்டும், தன்னை விட்டுவிட்டான். வேகம் கூடிக் கூடி, இனி எப்படியும் திருப்பியாக வேண்டும் என்று அவள் கால் விரல்கள் பூட்ஸுக்குள் மடங்கிய இடத்தையும் தாண்டிப் போனான். பிறகு சாய்ந்தான்.

அகலமான பலகையை ஓரத்தில் நிறுத்த ஒல்லிப் பலகையைவிட அதிகம் சாய வேண்டும், உடம்பை அதிக தூரம் உள்ளே கொண்டுபோக வேண்டும். அது அவளுக்குப் புத்தியில் தெரிந்த விஷயம். கண்ணால் இன்றுதான் பார்த்தாள். கீழே நின்ற அவளுக்கு அவன் ஸ்கீயின் அடிப்பாகம் முழுசாகத் தெரிந்தது. இடுப்பு பனியை உரசுவதுபோலப் போயிற்று. பலகை வில்லாக வளைந்தது, அவள் மாட்டிக்கொண்டு போனபோது ஒரு நூல்கூட வளையாத அதே பலகை. முதல் குவியல் வந்தது. மூக்கு புதையவும் இல்லை, ஏறிக் குதிக்கவும் இல்லை. குவியல் இரண்டாக வெடித்து, அவன் அதன் நடுவே ஒன்றுமே நடக்காததுபோல வெளியே வந்தான். காலுக்குக் கீழே அத்தனையும் நொறுங்கிக்கொண்டிருக்க, மேலுடம்பு மட்டும் நிறைந்த சூப்புக் கிண்ணத்தைத் தட்டில் ஏந்தி வருகிறவரைப்போல நிதானமாக இருந்தது.

அடுத்தது வழுக்கை. இங்கேதான் அகலப் பலகை நழுவும், நழுவியே ஆக வேண்டும் என்று பென்சிலைக் குறிப்புத்தாளில் ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள். சத்தம் வந்தது. வழிக்கிற சத்தம் இல்லை. துணிக்கடையில் கத்தரியைக் கொஞ்சமாக விரித்துப் பிடித்து, வெட்டாமல் ஒரே தள்ளாகத் தள்ளித் துணியைப் பிளப்பார்களே, அந்தச் சத்தம். அது நிற்கவே இல்லை. கல்லிலும் அதே சத்தம், குவியலிலும் அதே சத்தம். பனி மாறுகிறது என்பதே அந்தப் பலகைக்குத் தெரியவில்லை. இல்லை, தெரிந்துதான் இருந்தது. தெரிந்ததை அவன் கால் வரைக்கும் சொல்லிவிட்டு, தான் மட்டும் நடுங்காமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு வளைவு முடிந்து பலகை நிமிரும்போது அவனை அடுத்த வளைவுக்குள் தானே தூக்கி எறிந்தது. அவன் எறியப்படுவதற்குத் தன்னை முழுசாகக் கொடுத்தான்.

அவளுக்கு அப்போதுதான் அந்த மரக்கட்டை புரிந்தது. அவள் அன்று அதன்மேல் மரியாதையாக நின்றிருந்தாள். விருந்தாளி நாற்காலி நுனியில் உட்காருவதுபோல. அப்படி நிற்கிறவர்களோடு அது பேசாது. வேகத்தையும் எடையையும் பயத்தையும் மொத்தமாக அதன்மேல் கொட்ட வேண்டும், அப்போதுதான் அது வாயைத் திறக்கும். சோம்பேறிகளின் பலகை என்று இத்தனை நாளாக வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தாளே. இது சோம்பேறிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காத பலகை.

அவனும் இன்று பூனையாக இல்லை. காப்பாற்ற வேண்டிய வரி ஒன்றுகூட அந்தச் சரிவில் மிச்சமில்லை. பாழாய்க் கிடந்த மலையில் அவன் தன் பாட்டுக்கு அழுத்தினான், கிழித்தான், சாய்ந்தான். ஷிஹோவுக்குக் கண்ணில் நீர் கட்டியது, குளிரால் இல்லை. பிரமிப்பாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அவனும் அவளும் ஒரே தொட்டித் தண்ணீரில் ஒருவர் பின் ஒருவராக இத்தனை வருஷம் குளித்திருக்கிறார்கள், ஒரே ஊறுகாய்த் தட்டிலிருந்து தின்றிருக்கிறார்கள். இந்த ஆளை அவள் பார்த்ததே இல்லை.

அவன் நடுவர்களுக்கு முன்னால் ஒரு நீண்ட வளைவாகக் கடந்து போனான். பனித்தூள் மூன்று பேர் முகத்திலும் அடித்தது. பின்னால் உச்சியிலிருந்து அடிவரை, குவியலென்றும் கல்லென்றும் பார்க்காமல், இரண்டு கோடுகள். எங்கேயும் விட்டுப்போகவில்லை, எங்கேயும் அகலவில்லை. தேர்வு முடிந்து வேலியோரம் கூடி நின்றவர்கள் யாரும் கைதட்டவில்லை. தகிஸாவா வாயைத் திறந்தபடி அந்தக் கோடுகளைக் கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே போனார், பிறகு மேலிருந்து கீழாக.

நகுமோ மெல்ல, “மார்க்கு ஆளுக்கா, பலகைக்கா?” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

கஸாமா விசில் ஊதினார். இந்த மலையில் மூத்தவர் முதலில் தூக்குவார், மற்றவர்கள் வரிசையாக. ஆனால் விசிலுக்கு முன்பே எண்ணை வைத்துவிட வேண்டும். ஷிஹோ வைக்கவில்லை. இரண்டு இலக்கங்களையும் புரட்டி வைக்கிற அட்டை அவள் கையில் வெறுமையாக இருந்தது. கஸாமாவின் அட்டை மேலே போயிற்று. எழுபத்தொன்பது. அவர் யாரையும் பார்க்காமல் சரிவைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு அந்தப் பலகைமேல் நம்பிக்கை வரவில்லை, அவ்வளவுதான். நேற்றுவரை அவளுக்கும் வரவில்லை. நகுமோவின் அட்டை போயிற்று. எண்பது.

வேலியோரத் தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

எழுபத்தொன்பது போட்டால் ஊர் அவளைக் கொண்டாடும். கட்டினவன் என்றுகூடப் பார்க்கவில்லை பார் என்பார்கள். இரும்புச் சாமான் கடைக்காரர் சாகும்வரை அவனை அப்படியே கூப்பிடுவார். எண்பது போட்டால் கிரீடம் உண்டு, ஆனால் அது பெண்டாட்டி போட்ட எண்பது. எழுபத்தொன்பதுக்குப் பக்கத்து வீட்டு எண்பது. சரிவைச் சீவாமல் விட்டதிலிருந்து கணக்குப் போட்டு அதைப் பேசி முடிப்பார்கள். அலாரத்தை யார் அணைத்தது என்று இன்று சாயங்காலம் அவள் இவர்கள் எல்லோரிடமும் சொல்லத்தான் போகிறாள். சொன்ன பிறகு இன்னும் வசதியாகப் பேசுவார்கள். இரண்டு எண்ணும் அவளுக்குக் கையெட்டுகிற தூரத்தில் இருந்தன. அவள் பார்த்தது இரண்டும் இல்லை.

அவள் முதல் இலக்கத்தைப் புரட்டினாள், எட்டு. இரண்டாவதைப் புரட்டினாள். விரல் விறைத்திருந்ததால் மெதுவாகப் புரண்டது. பூஜ்யத்தைத் தாண்டியது, ஒன்றைத் தாண்டியது. யாரோ வேலியோரம் மூச்சை இழுத்தார்கள். அவள் இரண்டு கையாலும் அட்டையைத் தலைக்கு மேலே தூக்கினாள். எண்பத்தைந்து. இந்த மலையில் அப்படியொரு எண்ணை யாரும் யாருக்கும் காட்டியதில்லை.

அதன் பிறகுதான் அவனைத் தேடினாள். வருஷாவருஷம் வந்து நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தலையைக் கொஞ்சம் குனிந்தபடி மூன்று அட்டைகளையும் பார்க்கிற அந்த இடத்தில் அவன் இல்லை. நிற்காமலே போயிருந்தான். வேகம் குறையாமல் அப்படியே உச்சிக்கு ஏற்றும் கம்பிவட லிஃப்ட் வரிசைக்குள் நுழைந்து, காலியாக வந்த நாற்காலியில் உட்கார்ந்து, மேலே போய்க்கொண்டிருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது.

கஸாமா பக்கத்தில் வந்தார். அவள் அட்டையை நிமிர்ந்து பார்த்தார். “எறக்கிடும்மா. எல்லாரும் பாத்தாச்சு” என்றார்.

“அவரு இன்னும் பாக்கல, சார்.”

பனி மறுபடி கனக்க ஆரம்பித்தது. நாற்காலி கம்பங்களைத் தாண்டித் தாண்டிச் சின்னதாகிக்கொண்டே போயிற்று. அவன் திரும்பவில்லை. தொங்கிக்கொண்டிருந்த அவன் கால்களில் அந்த இரண்டு பலகைகளும், அடியில் ஒன்றுமில்லாத காற்றில், இன்னும் வளைவு எடுப்பதுபோல ஒன்றாக இடது பக்கம் சாய்ந்தன, நிமிர்ந்தன, வலது பக்கம் சாய்ந்தன.